ஒரு பானைப் பயறு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டில் உங்களோடு வந்து இருக்கலாம், வாங்க நல்ல ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள், மருமகளின் சொந்தத்துக்குள் தெரிந்தவர்கள், வெள்ளவத்தையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது, "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அப்பா, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று நின்ற நிலையில் நின்று கேட்டாய். அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் கதைப்பதை வேறு யாராவது கேட்டால், ஆஸ்பத்திரித் தாதியும் நோயாளியும் கதைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். "சாப்பிட்டீங்களா?" "ஓம்." "மருந்து?" "ஓம்." "ஏதும் வேணுமே?" "ஒண்டும் வேண்டாம், எல்லாம் இருக்கு." பிறகு என் முறை. "உங்களுக்கு ஏதும் அனுப்பவோ?" என்பேன். "ஐயோ வேண்டாம் அப்பா, இஞ்ச எல்லாம் இருக்கு" என்பாய். அதோடு கதை முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் "லைன் கட் ஆகுது அப்பா" என்று உன்னால் சொல்ல முடியாது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு எழுதுவதெல்லாம் கிழவனின் வீம்பு மாதிரித் தெரியும். எனக்குத் தனிமைதான். நன்றாகவே தனிமை. கடற்கரைப் பக்கம் புதிதாக இரண்டு உயரமான கட்டடங்கள் எழும்பிவிட்டன. நீ பள்ளிக்கூடம் போகுமுன் பல்லுத்தூரிகையோடு நின்று பார்க்கிற கடல் இப்போது ஒரு கதவு அகலத்துக்குத்தான் தெரிகிறது. உப்புக் காற்று வருவதற்கு மட்டும் அந்த இடம் தாராளம். ஜன்னல் கம்பி முழுக்கத் துரு. ரயில் போகும்போது அலுமாரிக்குள் அம்மாவின் கிண்ணங்கள் கிலுகிலுக்கும். "உந்தச் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோவன்" என்று முன்பு என்னைப் பார்த்துச் சொல்வாள், ரயிலை நான்தான் ஓட்டுகிற மாதிரி. இப்போது அது கிலுகிலுத்து அடங்கும் வரைக்கும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு ஆளுக்குச் சோறு போடுவது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குறைத்துப் போட்டால் அடிப்பிடிக்கிறது, கூட்டிப் போட்டால் அடுத்த நாளும் அதே சோறு. பின்னேரச் செய்தி வாசிக்கிற பிள்ளை வணக்கம் சொன்னால் நானும் "வணக்கம் பிள்ளை" என்கிறேன். சிரிக்காதே. அன்றைக்கு என்னிடம் வணக்கம் சொன்ன ஒரே ஆள் அவளாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட நாட்களுக்கு நடுவில்தான் எங்கள் அமைப்பு இருக்கிறது. அதைப் பற்றி உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. "அப்பா ஏதோ சமூகசேவைக்குப் போறார்" என்று நீ மருமகளுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. ஏதோ சமூகசேவையாம்! அது ஒரு பூசணிக்காயில் தொடங்கின கதை. அம்மா போய் அதிக நாள் ஆகவில்லை. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற நேரம். வன்னியில் விளைந்தது வயலிலேயே அழுகிக்கொண்டிருந்தது, கொழும்பில் சட்டி காலியாக இருந்தது. ஒருநாள் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு லொறி வந்து நின்றது. லொறி நிறையப் பூசணிக்காய். பின்பலகையில் ஏறி நின்று ஒரு பிள்ளை தொண்டை கிழியக் கூப்பிட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள்தான் நிர்மலா, ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், எங்கள் அமைப்பின் பொறுப்பாளர். விலை விழுந்து, வாங்க ஆளில்லாமல் நிற்கிற விவசாயிகளிடம் நேரே மரக்கறி வாங்குவார்கள். பாதியை எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் விற்பார்கள். மற்றப் பாதியைக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் சமைத்து, அடுப்பு எரியாத வீடுகளுக்குக் கொடுப்பார்கள். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. லொறியைச் சுற்றி ஆட்கள் நின்று கதைத்துச் சிரிப்பதைக் கண்டு, அந்தச் சிரிப்புக்காகவே போய் ஒரு முழுப் பூசணிக்காய் வாங்கிவந்தேன்.

ஒற்றை மனிசனுக்கு முழுப் பூசணிக்காய்! கறி வைத்தேன், அவித்தேன், ஃபரீனா அன்ரிக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டு ஃபரீனா அன்ரியை உனக்கு மறந்திருக்காது. அப்படியும் அது தீருகிற பாடாயில்லை. கடைசியில் மிச்சத்தை ஒரு பையில் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நிர்மலா என்னையும் பையையும் மாறிமாறிப் பார்த்தாள். "அங்கிள், பூசணிக்காயத் திருப்பிக் கொண்டுவந்த மொத ஆள் நீங்கதான். வந்ததுதான் வந்தீங்க, அந்த வெங்காயத்த உரிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். வெங்காயம் உரித்தால் கண்ணீர் வரும், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அந்த நேரம் அப்படி ஒரு வேலை தேவையாக இருந்தது.

ஆயுள் முழுக்கக் கப்பல் கொம்பனிக் கந்தோரில் இருந்தவனுக்கு வெங்காயத்தோடு அடங்க முடியுமா? பாத்திரங்களை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். சாப்பாடு போவது அடுக்குக் கரியர்களில். மத்தியானம் வீடுகளுக்குப் போகும், அடுத்த நாள் காலை கழுவித் திரும்பி வரும். ஆனால் ஒன்றுகூட வெறுமையாக வராது. ஒன்றைத் திறந்தால் உள்ளே இரண்டு தேசிக்காய். இன்னொன்றுக்குள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை, கடதாசியில் சுற்றிய ஒரு பிடி சீனி, தேவாலயத் திருநாளுக்கு அடுத்த நாள் என்றால் கேக் துண்டு. எனக்கு இது பெரிய தொல்லையாகப் போயிற்று. சீனிக்கு எறும்பு வந்தது. கேக் பூஞ்சணம் பிடித்தது. ஒழுங்கு என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று, "பாத்திரங்களைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தரவும்" என்று மூன்று மொழியிலும் எழுதி வாசலில் ஒட்டினேன். போதாததற்கு நானே வாசலில் நின்று, கொண்டுவந்தவர்களிடம் "இது தேவையில்லை அம்மா, எங்களிட்ட எல்லாம் இருக்கு" என்று எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். சிரித்த முகத்தோடுதான் கொடுத்தேன். நிர்மலா ஒருமுறை, "அங்கிள், இது சரிவருமான்னு எனக்குத் தெரியல" என்றாள். சுத்தத்துக்கு முன்னால் என்ன சரிவராமல் போகும் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பிறகு கரியர்கள் மேசையில் மிஞ்சத் தொடங்கின. எடுக்க வருகிற ஆட்கள் குறைந்தார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நாடு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, சனத்துக்கு வசதி வந்துவிட்டது என்று. நல்ல சந்தோசமாகக்கூட இருந்தது. பிலோமினா என்று ஒரு அம்மா. புருசன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர், இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். ஒருநாளும் தவறாமல் வந்தவள் அவளும் நின்றுவிட்டாள் என்றபோதுதான் எனக்கு இடித்தது. ஒரு கரியரை எடுத்துக்கொண்டு நானே போனேன். தேவாலயத்துக்குப் பின்னால் போகிற சந்தில் ஒற்றை அறை வீடு. வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். "வேணாம் ஐயா. நம்ம வீட்டுல எல்லாம் இருக்கு, ஒண்ணும் கொறையில்ல" என்றாள். அவள் தோளுக்கு மேலால் அடுப்பு தெரிந்தது. சாம்பல்கூட இல்லை. உள்ளே இருந்து அந்த மனிசன், "ஐயாவுக்கு ஒரு பிளேன்டி குடுத்து அனுப்பு" என்றார். தேநீர் கிடைத்தது, கடிப்பதற்கு உள்ளங்கையில் ஒரு சின்னக் கருப்பட்டித் துண்டும் வைத்தாள். கரியரை மட்டும் அவள் கையால் தொடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கரியரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சூடு தொடையில் பட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் இருக்கு, ஒண்டும் குறையில்லை. இதை எங்கே கேட்டிருக்கிறேன் என்று பார்த்தால், ஒவ்வொரு ஞாயிறும் உனக்கு நான் சொல்லுகிறது. நீ எனக்குச் சொல்லுகிறது. வாசலில் நின்று நான் அந்தச் சனத்துக்குச் சொன்னது. பஸ் மாற வேண்டிய கோட்டையில் இறங்காமல் அப்படியே இருந்திருக்கிறேன். கண்டக்டர் வந்து "மாத்தயா, பஹின்ன" என்று தோளில் தட்டி இறங்கச் சொன்னபிறகுதான் இறங்கினேன்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கீழே வாகனம் வந்து நிற்கிறது. அவளுக்கு மூச்சு வாங்குகிறது. கதவடிக்கு வந்தவள் நின்றுவிட்டாள். ஃபரீனா அன்ரி பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்த கிண்ணம் இன்னும் எங்கள் அலுமாரித் தட்டிலே இருக்காம். "இஞ்சேருங்கோ, அதுக்குள்ள ரெண்டு கரண்டி சீனியாவது போட்டுக் குடுத்திட்டு வாங்கோ. வெறும் கிண்ணமாக் குடுக்கிறேல்ல" என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உமக்கு என்ன விசரே? இப்ப உதுதான் முக்கியமோ?" என்று சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் சீனி போட்டு எதிர்க்கதவைத் தட்டிக் கொடுக்கும் வரை. அதற்குப் பிறகுதான் படியிறங்கினாள். இந்த வீட்டில் அவள் செய்த கடைசிக் காரியம் அது. அதைக் கண்ணால் கண்ட நான்தான், பிறகு கொட்டாஞ்சேனையில் மூன்று மொழியில் எழுதி ஒட்டினேன். மடையன் தம்பி, உன் அப்பன்.

அடுத்த நாள் காலை முதல் வேலையாக அந்த அறிவித்தலைக் கிழித்தேன். நிர்மலா பார்த்தாள், எறும்புக்கு மருந்து வாங்கக் காசு தந்தாள். பிலோமினாவிடம் திரும்பப் போய், "வீட்டில ரம்பை இருந்தா ஒரு துண்டு தாங்கோ, இண்டைக்குப் பருப்புக்கு இல்லை" என்றேன். பொய்தான், ஒரு பை நிறைய இருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாசலில் பெயின்ட் வாளிக்குள் வளர்த்த செடியில் ஒரு நல்ல இலையாகப் பார்த்து வெட்டித் தந்தாள். கரியரையும் வாங்கிக்கொண்டாள்.

இந்த முறை மழை வெள்ளத்தை நீ அங்கே செய்தியில் பார்த்துவிட்டு, விடாமல் தொலைபேசி எடுத்தாய். நான் நல்லாயிருக்கிறேன் என்றேன். நல்லாயில்லாதவர் தவம். அவர் கிளிநொச்சிப் பக்கத்து விவசாயி. எங்களுக்கு மரக்கறி தருகிறவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறவர் அவர்தான். இரண்டு பேரும் நேரில் கண்டதில்லை, ஆனால் கிழமைக்கு ஒருமுறை லொறி விசயமாகக் கதைப்போம். "ஐயா, இந்தமுறை கத்தரி கனக்க வருது, பிறகு என்னைப் பேசாதேங்கோ" என்பார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் குரலில் அந்தப் பகிடி இல்லை. "குளம் மேவி வந்திட்டுது ஐயா. வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. எல்லாரும் பள்ளிக்கூடத்தில கிடக்கிறம்" என்றார். என்ன வேணும் என்று கேட்டேன். நீயே சொல், என்ன சொல்லியிருப்பார்? "ஒண்டும் வேண்டாம் ஐயா, சமாளிக்கிறம்."

பாதை திறந்ததும் லொறி வந்தது. அநுராதபுரத்துச் சுனில்தான் சாரதி. பின்பலகையைத் திறந்தால், மேட்டு நிலத்தில் தப்பின கொஞ்சப் பூசணிக்காய் ஒரு மூலையில் கிடந்தது. அதையும் அனுப்பியிருக்கிறார்கள். பிலோமினா கரியரோடு வந்தவள், லொறிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சுனிலிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவன் என்னைப் பார்த்து, "மாத்தயா, இவங்க கேக்குறாங்க, போகும்போது லொறி சும்மாவா போறது எண்டு. எப்பவும் சும்மாதானே போறது?" என்றான். உண்மைதான். இவ்வளவு காலமும் நிறைந்து வந்த லொறி ஒவ்வொரு முறையும் வெறும் தகரமாகக் குலுங்கிக்கொண்டுதான் திரும்பிப் போயிருக்கிறது. பாத்திரத்துக்குப் பொறுப்பான எனக்கு இந்தப் பெரிய பாத்திரம் கண்ணில் படவேயில்லை. பிலோமினா வீட்டுக்குப் போய் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து லொறிக்குள் வைத்தாள். நல்ல பாய். அதைக் கண்டு மற்றவர்கள் ஓடினார்கள். நுளம்பு வலை, கருவாடு, சட்டை, பிள்ளைகளின் சப்பாத்து, மெழுகுதிரி. எங்களிடம் சாப்பாடு வாங்குகிற வீடுகள் தம்பி! நிர்மலா லொறிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நான் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் முச்சக்கர வண்டியில் வீட்டுக்கு வந்து அம்மாவின் பெரிய பானையை இறக்கினேன்.

அதுதான், உனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து வந்து இந்த வீட்டில் தங்கும்போது, விறாந்தை முழுக்கப் பாய் விரித்துப் படுத்த அத்தனை பேருக்கும் அம்மா சோறு வடித்த பானை. நீ அதற்குள் ஒளித்து விளையாடியிருக்கிறாய். வெள்ளத்துக்கு முன்னம் ஒருநாள் நீ, "பானை சட்டியை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ அப்பா, இஞ்ச எல்லாம் இருக்கு" என்றாய். கொடுத்துவிட்டேன், நீ நினைத்த மாதிரி அல்ல. பிறகு தவம் தொலைபேசி எடுத்து, "பள்ளிக்கூடத்தில முழுச் சனத்துக்கும் உங்கட பானையிலதான் சமைக்கிறம் ஐயா" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

வெள்ளம் வற்றினபிறகு அமைப்பு விதை கொடுத்தது. நெல்லுக்குக் காலம் போய்விட்டது, கெதியாக விளைகிற பயறு போட்டார்கள். போன வியாழக்கிழமை லொறி வந்தது. சுனில் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கினான். மூடியைச் சேலைத் துண்டால் கட்டியிருந்தார்கள். உள்ளே விளிம்பு வரைக்கும் பச்சைப் பயறு. அவர்களுடைய முதல் அறுவடை. "தவம் அண்ண சொன்னது, இது மாத்தயாக்கு மட்டும்தான், கிச்சனுக்கு வேற இருக்கு எண்டு" என்றான். முச்சக்கர வண்டியில் அதைக் காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வந்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை, காவலாளியும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம்.

இப்போது அது மேசையில் என் முன்னால் இருக்கிறது. ஒரு வீடு நிறைந்த சனத்துக்கு ஆக்கிய பானை, அது நிறையப் பயறு, சாப்பிட நான் ஒருவன். இரவு அதைப் பார்த்துக்கொண்டிருந்து அழுதேன். வெங்காயம் இல்லாமல்தான். உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் என்னவென்று சொல்வது? அங்கே எல்லாம் இருக்கே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வீட்டை விற்கவில்லை. அந்த நல்ல மனிசருக்கு நல்லமாதிரிச் சொல்லிவிடு. விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று கேட்பாய். ஃபரீனா அன்ரியிடம் எங்கள் கதவின் திறப்பு ஒன்று இருக்கிறது. நான் காலையில் வராவிட்டால் நிர்மலா ஆள் அனுப்புவாள். அப்படியும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வந்தால் நீ எனக்கு எல்லாம் தருவாய். சாப்பாடு, மருந்து, குளிருக்குச் சட்டை, ஜன்னலோரம் ஒரு கதிரை. என் கையிலிருந்து வாங்க ஒருவருக்கும் ஒன்றும் தேவைப்படாது. கொட்டாஞ்சேனையில் என் வெங்காயத்துக்காகக் காத்திருக்கிறார்கள் தம்பி. நீ பாசமாகத்தான் கூப்பிடுகிறாய், தெரியும். நானும் அந்த வாசலில் சிரித்த முகத்தோடுதான் நின்றேன். கோபிக்காதே. ஒரு காலம் முடியாமல் வந்தால், அப்போது நானே கேட்பேன், கூட்டிக்கொண்டு போ என்று. வெட்கப்படாமல் கேட்பேன்.

புத்தி சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை. நீ அங்கிருந்து கப்பலில் அனுப்புகிற பெட்டிகளை அம்மா ஒருநாளும் எறிய விடமாட்டாள். கடைசியாக ஓட்ஸும் விற்றமினும் வந்த பெட்டி கதவடியில் இருக்கிறது. அதற்குள் பயற்றில் ஒரு பங்கைக் கட்டி வைத்துவிட்டேன், இன்னும் அரைவாசிக்கு மேல் இடம் கிடக்கிறது. இது கைக்கு வந்தபிறகு வாற ஞாயிறு தொலைபேசி எடுக்கும்போது, சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேட்காதே. இரண்டும் செய்திருப்பேன். "அப்பா, எனக்கு இது வேணும்" என்று ஏதாவது ஒன்று கேள். எவ்வளவு சின்னதென்றாலும் பரவாயில்லை. நீ சொல்லும் வரைக்கும் பெட்டியை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

அப்பா